தண்ணீரைக் கலக்கும் அக்கா

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் காரைக்குடி பேருந்து நிலையத்தில், கொட்டும் மழையில், சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு டவுன் பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல நூல் சேலை, தோளில் தோல் பை, காலில் செருப்பு. பைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது, பார்த்தாலே படித்தவர் என்று தெரிந்தது. நாங்களெல்லாம் டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒண்டி நின்றோம். அந்த நேரம் பார்த்துத்தானா டிக்கெட் பரிசோதகர் வர வேண்டும்?

"டிக்கெட்டைக் காட்டுங்கம்மா."

அக்கா தலையை நிமிர்த்தாமலே தண்ணீரைக் காட்டினார். "அந்தா போகுது பாருங்க சார். மத்த துண்டெல்லாம் நேரா போயிருச்சு. ஒண்ணு மட்டும் அந்தக் கல்லுக்குப் பின்னாடி சுத்திக்கிட்டே கெடக்கு. ஏன்னு சொல்லுங்க பாப்போம்?"

பரிசோதகர் குனிந்து பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல அவரும் குந்தினார். "அட, ஆமா" என்றார். பிறகு தன் சட்டைப் பையைத் துழாவி ஒரு பீடி எடுத்தார். "இதைப் போட்டா எங்குட்டுப் போகும்?" என்று கேட்டார். போட்டார்கள். பீடியும் போய் அதே கல்லுக்குப் பின்னால் சுற்றியது. இரண்டு பேரும் கைதட்டினார்கள். அபராதம் போட வந்த மனுஷன், கடைசியில் "நல்லா நனைஞ்சுட்டீக, ஒரு டீ சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஊருக்கு வெளியே இருந்த பொறியியல் கல்லூரியில், தண்ணீர் ஆய்வுக்கூடத்தில், தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெண்கள் என்று இருந்ததே இரண்டு பேர்தான், என்னையும் சேர்த்து. இன்னொருவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய நேரம் அது. அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வண்டியிலேயே ஏறி வந்து சண்டைக்கு நிற்பார். எனக்கு அவர் எப்போதும் அக்காதான்.

அக்கா பௌதிகம் படித்தவர். சிவகங்கைப் பக்கம் ஒரு வறண்ட ஊரில் விவசாயக் குடும்பம். தண்ணீரின் வேகத்தைச் சத்தத்தால் அளக்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டுவதற்காக அவரை அந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வைத்திருந்தார்கள். நிரந்தர வேலை கிடையாது. ஒரு வருஷத்துக்குள் கருவி வேலை செய்ய வேண்டும், டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்துத் தலையசைக்க வேண்டும். தலையசைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் கருவி அலமாரிக்குள் போகும், அக்கா ஊருக்குப் போவார். அவர் ஊர்க் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடும் தண்ணீரைப் பார்க்காமல் அக்கா எப்படி உயிரோடு இருப்பார் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால், தண்ணீரைக் கண்டால் அதில் எதையாவது போடாமல் அவரால் இருக்க முடியாது. அதிலும் தெளிந்த தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும். சாம்பல், பொரி, பூ இதழ், பென்சில் சீவல், எது அகப்பட்டாலும் சரி. போட்டுவிட்டு, அது எப்படிச் சுழல்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே பயந்து ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும். சத்தமான சிரிப்பு. ஓட்டலில் காப்பி வந்தால் சர்க்கரையைக் கலக்கிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்து, நுரை சுழல்வதைப் பார்ப்பார். சுழல் நிற்பதற்குள் குடித்துவிட்டால் என்னோடு பேசமாட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஆச்சியின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாடகை என்பது பேருக்குத்தான். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருந்தார். செட்டியார் பினாங்கில் வியாபாரம், பையன்கள் மெட்ராசில். ஆச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். நடந்து வந்தால் வீடே நிமிர்ந்து உட்காரும். அந்த ஆச்சிக்கும் ஒரே ஒரு பைத்தியம்தான் இருந்தது. சுத்தமான தண்ணீர்!

ஊருணியிலிருந்து தண்ணீர் எடுத்துவரும் பெண் வாசலிலேயே கால் கழுவ வேண்டும். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிச் செப்புக் குடத்தில் ஊற்ற வேண்டும். குடத்துக்குள் விரல் நுனி பட்டாலும் அந்தத் தண்ணீர் செடிக்குத்தான். மழைத் தண்ணீரைப் பிடிக்கும்போது முதல் மழையை விட்டுவிட்டு, அது கூரையை நன்றாகக் கழுவின பிறகுதான் அண்டாவை நகர்த்தி வைப்பார். ஆச்சி வீட்டுத் தண்ணீரில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

இந்த வீட்டுக்குத்தான் அக்கா குடி வந்தார்.

வந்த புதிதில் ஒரு காலை நேரம், தண்ணீர் அறையிலிருந்து ஆச்சியின் குரல் கேட்டு ஓடினேன். அக்கா குடத்துக்கு மேல் குனிந்து நின்றார். கையில் காப்பித்தூள்.

"என்னத்தா பண்ணுற?" என்றார் ஆச்சி.

"தண்ணி தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்குறேன் ஆச்சி. ராத்திரி ஊத்தினதுதானே, ஆனாலும் இன்னும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. வந்து பாருங்களேன்!"

"குடிக்கிற தண்ணியில காப்பித்தூளைப் போட்டுட்டு, அது முழிச்சிருக்கா தூங்குதான்னு கேக்குறா! நீ முழிச்சிருக்கியாடி மொதல்ல?"

அன்று முழுக்க வீடு அதிர்ந்தது. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். எங்கள் பெட்டி படுக்கை வாசலுக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஆச்சி ஒரு பித்தளை உருளியை எடுத்து வந்து எங்கள் அறை வாசலில் டங்கென்று வைத்தார். உருளி நிறையத் தண்ணீர். "இது ஒன் தண்ணி. இதுல என்ன கருமத்தையும் போட்டுக்க. என் குடத்துப் பக்கம் வந்தே, கையை ஒடிச்சிருவேன்" என்றார். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. புதுச் சேலை எடுத்துக் கொடுத்தால்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டார். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சிரிப்பை அடக்கத்தான் திருப்பினார் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் தினமும் காலையில் உருளித் தண்ணீரை மாற்றுவது ஆச்சிதான். வேலைக்காரப் பெண்ணை விடமாட்டார். திட்டிக்கொண்டே மாற்றுவார்.

கருவியைப் பற்றிச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன். கட்டைவிரல் நகத்தளவு ஒரு படிகம். அதைத் தண்ணீருக்குள் வைத்து மின்சாரம் கொடுத்தால் நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பும். அந்தச் சத்தம் தண்ணீரோடு போகிற தூசி தும்புகளில் பட்டுத் திரும்பி வரும். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போகும்போது அதன் சுருதி மாறுகிறதல்லவா, அதேபோல ஓடுகிற தூசியில் பட்டுத் திரும்பும் சத்தத்துக்கும் சுருதி மாறிவிடும். போன சத்தத்துக்கும் வந்த சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், அது நம் காதுக்கே கேட்கும். தண்ணீர் மெதுவாகப் போனால் அடிக்குரலில் முனகும். வேகமாகப் போனால் குரல் ஏறும். சுழித்துக் குழம்பினால் குரல் கரகரத்து உடையும்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் அது முதன்முதலாகக் குரல் கொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான வாய்க்கால் ஒன்று உண்டு. வெளியே பள்ளத்தில் தேங்கிய செம்மண் தண்ணீரை மோட்டார் போட்டு அதில் ஓடவிட்டிருந்தார்கள். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஸ்பீக்கரிலிருந்து 'ஊ...' என்று ஒரே சீராக ஒரு சத்தம்.

"கேக்குதா? தண்ணி! தண்ணியோட சத்தம்!"

"ஊமை அழுகுற மாதிரி இருக்குக்கா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஆமால்ல? ஒழுங்கா ஓடுற தண்ணியில என்ன இருக்கு? இப்பக் கேளு." ஒரு செங்கல்லை எடுத்து வாய்க்காலுக்குள் போட்டார். அவ்வளவுதான். குரல் ஏறி, இறங்கி, கரகரத்து, நடுவில் விசிலடித்து, தொண்டை கட்டிய நாதஸ்வரம் மாதிரி ஆகிவிட்டது. "பாத்தியா புள்ள! இப்பத்தான் அதுக்கு ஒரு கொணம் வருது!" என்று கத்தினார். சத்தம் கேட்டுப் புரொபசர் ஓடி வந்தார். பாவம், அவர் எதையும் நிறுத்தி நிதானமாகச் செய்கிறவர். அவர் கையையும் பிடித்து அக்கா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். புரொபசர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வெரி குட், வெரி குட்" என்றபடி பின்வாங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆட்களையும் அக்கா அப்படித்தான் பார்த்தார். புரொபசர் சிமெண்டு வாய்க்கால். நான் மதகடி, எப்போதும் சலசலப்பு. ஆச்சி என்னவென்று கேட்டேன். "ஆச்சியை அளக்குற மிஷின் இன்னும் வரலை" என்றார்.

ஆச்சிக்குக் கண்டனூரில் பூர்வீக வீடு ஒன்று இருந்தது. கல்யாணம், காரியம் என்றால் மட்டும் திறப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார். பந்தி தொடங்கும் நேரம் அக்காவைக் காணோம். தேடிப் போனால் கோட்டை அடுப்புப் பக்கம் நிற்கிறார். பெரிய அண்டாவில் பாயசம். சமையல்காரர் துடுப்பு போட்டுக் கிண்டுகிறார்.

"அண்ணே, இப்ப டக்குன்னு நிறுத்துங்க."

"நிறுத்துனா அடி பிடிச்சிரும் தாயீ."

"ஒரே ஒரு தடவை நிறுத்திட்டு, எதிர்ப்பக்கம் கிண்டுங்க. முந்திரி என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

சமையல்காரர் அந்தப் பக்கத்தில் பேர்போன ஆள், கோபக்காரர். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. நிறுத்தினார். எதிர்ப்பக்கம் கிண்டினார். முந்திரிகள் நடுவில் கூடி, பிரிந்து, மறுபடியும் ஓடின. கரண்டியோடு வந்த பரிமாறுகிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பந்தியில் இலை போட்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, இங்கே பாயசத்துக்குச் சுழி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி வந்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் சமையல்காரரே, "ஒண்ணுமில்லை ஆச்சி, முந்திரி சரியாப் பிரியுதான்னு பாத்தோம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவைக் கேட்டேன். "ஏன்க்கா, தெளிஞ்சதைக் கண்டா ஒங்களுக்கு ஆகவே மாட்டேங்குது?"

ஜன்னல் வழியே பொட்டலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க ஊர்ல தண்ணி ஓடி நான் பாத்ததே வருஷத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான். கண்மாய்க்குத் தண்ணி வருதுன்னு சொன்னா பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடுவோம். செக்கச் செவேல்னு, நுரையும் குப்பையுமா, குதிச்சுக் குதிச்சு வரும். எங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அது கூடவே ஓடுவாரு. அப்புறம் நின்னு தெளிஞ்சிரும். தெளிஞ்சா ஓட்டம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எனக்கு அழுகையா வரும் புள்ள." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம்கூட அப்படி இருக்கவில்லை. முன்சீட்டில் ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். குமிழி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அவரிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

வருஷம் முடியப்போகிற கோடையில் டெல்லி அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. அதே வாரம் கல்லூரிக் கிணறு வற்றியது. வாய்க்காலில் ஓடவிடத் தண்ணீர் இல்லை. புரொபசர் நகத்தைக் கடித்துக்கொண்டு உலாத்தினார். அக்கா வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "அன்னிக்குத் தண்ணி ஓடலைன்னா எனக்கு வேலை இல்லை ஆச்சி. ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, சிரித்தார். கெட்ட செய்தி வந்தாலும் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

"எதுக்குடி சிரிக்கிற? கண்டனூர் வீட்டுக் கெணறு எதுக்கு இருக்கு?" என்றார் ஆச்சி. "பீப்பாய் வண்டி கட்டி அனுப்புறேன். நீ போயி ஒன் மிஷின் பொட்டியைச் சரி பண்ணு."

கருவியில் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டதென்று அக்கா, அதிகாரி வருவதற்கு முதல்நாள் மதுரைக்குப் போய்விட்டார். நான் அறிக்கையைத் தட்டச்சு செய்து செய்து விரல் வீங்கிக் கிடந்தேன். மாட்டு வண்டிகள் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். அதற்குமேல் நாங்கள் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. அதிகாரி தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மாதிரி, ஆனால் மதியம் ரயில் ஏற வேண்டும் என்பதால் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தவர் என்பதால் ஆச்சியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அரக்குக் கண்டாங்கிச் சேலையில், வைரத்தோடு மின்ன, கல்லூரியே தனக்குச் சொந்தம் என்பது போல அமர்ந்திருந்தார். மோட்டாரைக் காலையிலிருந்தே ஓடவிட்டு ஒரு குமிழிகூட இல்லாமல் செய்திருந்தார் புரொபசர். கண்ணாடிச் சுவருக்குள் தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். "டிஸ்டில்டு வாட்டர் மாதிரி இருக்கே!" என்று அதிகாரி வியந்தார். ஆச்சி லேசாகத் தலையை நிமிர்த்தினார்.

அக்கா படிகத்தை இறக்கினார். பொத்தானைத் திருகினார்.

ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

வயரை அசைத்தார். டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். செங்கல்லைப் போட்டார். ஒன்றுமில்லை. தண்ணீர் செங்கல்லைச் சுற்றிச் சுழித்துக்கொண்டுதான் ஓடியது, ஆனால் சத்தம் பட்டுத் திரும்ப அதில் ஒரு துளி தூசி இல்லை. அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"ஆச்சி... இது கெணத்துத் தண்ணிதானே?"

"கெணத்துத் தண்ணிதான். அதை அப்படியேவா அனுப்புவேன்? டெல்லியிலேருந்து ஆளுக வாராக, ஒன் வேலைக்காரியம் வேற" என்றார் ஆச்சி. குரலில் பெருமை வழிந்தது. "கல்யாண அண்டா அத்தனையையும் எறக்கி, தேத்தாங்கொட்டை அரைச்சுக் கலக்கி, மண்ணெல்லாம் அடியில படிஞ்சப்புறம் மேல்தண்ணியை மட்டும் வேட்டியில வடிகட்டி அனுப்பிருக்கேன். காரைக்குடியில எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் இப்பத் தேத்தாங்கொட்டை கிடையாது. எல்லாம் இந்தத் தண்ணியிலதான் இருக்கு. தொட்டியையும் தேங்காநார் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லாருக்கு ஆச்சி" என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே ஓடினேன். பூச்செடிக்கு அடியிலிருந்து இரண்டு கை செம்மண்ணை முந்தானையில் அள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்தேன். ஒரு பிடி போதும், தண்ணீர் வாயைத் திறந்துவிடும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள."

"என்னக்கா வேணாம்? அவுக மணியைப் பாக்குறாக!"

"ஆச்சி தண்ணி அது."

"வேலை போயிரும்க்கா!"

"போகட்டும்."

என் காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. குடிதண்ணீரில் காப்பித்தூள் போட்டவர், கல்யாணப் பாயசத்தைத் திருப்பிக் கிண்டச் சொன்னவர், ஊரில் ஒரு வாளித் தண்ணீரைச் சும்மா விடாதவர், பிழைப்பே போகிற நேரத்தில் ஒரு பிடி மண்ணைப் போடமாட்டேன் என்கிறார். முகத்தில் சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். புரொபசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று தெரியவில்லை, எல்லோர் மேலும்தான். நேராக ஆச்சி முன்னால் போய் நின்றேன். "ஆச்சி, ஒங்க தண்ணி ரொம்பச் சுத்தம். அதான் மிஷின் பேசமாட்டேங்குது. அதுக்குத் தூசி வேணும். இந்த மண்ணைப் போட்டா பேசும். ஒங்க மனசு நோகும்னு போடமாட்டேங்குறாக. வேலை போனாலும் பரவாயில்லைங்குறாக!"

ஆச்சி என்னைப் பார்த்தார். முந்தானையிலிருந்த மண்ணைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவளா போடமாட்டேங்குறா?" என்றார் ஆச்சி. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உடனே பழைய குரல் வந்துவிட்டது. "அந்த மண்ணைக் கீழ போடுடி, நாய் நடந்த மண்ணு!"

எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே திருநீறு. "பிள்ளைகளுக்குக் காச்சல்னா இதைக் கரைச்சுத்தானே குடுக்குறோம்? இது பட்டா தண்ணி அழுக்காகுமா? கேட்டா கொடுக்கமாட்டேனா? வாயைத் தொறந்து கேக்குறதுக்கு என்னடி கேடு ஒனக்கு?" கண்ணை மூடி, "சிவசிவா" என்று சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவினார்.

ஸ்பீக்கர் தொண்டையைக் கனைத்தது.

ஒரே கணம்தான். திரும்பவும் அடங்கிவிட்டது. ஆனால் அக்கா துள்ளிவிட்டார். "இன்னுங் கொஞ்சம் ஆச்சி! இன்னுங் கொஞ்சம்!"

ஆச்சி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வெள்ளைப் புகை போலத் திருநீறு தண்ணீரில் இறங்கி, நீண்டு, ஓடியது. ஸ்பீக்கர் பாடத் தொடங்கியது. 'ஊ' என்று தொடங்கி, மேலே ஏறி, செங்கல் பக்கம் போனதும் உடைந்து, கரகரத்து, ஆய்வுக்கூடம் முழுக்க நிறைந்தது. ஆச்சி பதறி ஓர் அடி பின்னால் வந்தார். "என்னடி இது, இருமுது!"

"சுழி ஆச்சி, சுழி! ஒங்க தண்ணி சுழிக்குது! இங்குட்டு வாங்க, அங்குட்டு நின்னா கேக்காது!" அக்கா ஆச்சியின் தோளைப் பிடித்து ஸ்பீக்கர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அந்தத் தோளை அதுவரை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. படிகத்தை மேலே தூக்கினார், குரல் மெலிந்தது. கீழே இறக்கினார், தடித்தது. ஆச்சி வாயில் கைவைத்துக்கொண்டார். பிறகு தானே செங்கல்லைக் காட்டி, "அதை அங்குட்டுத் தள்ளி வையி, என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

அதிகாரி உட்கார்ந்துவிட்டார், ரயிலை மறந்து. கடைசியில் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்தார். "தெளிஞ்ச தண்ணியில இது வேலை செய்யாதுங்களே மேடம். அப்புறம் என்ன பிரயோஜனம்?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ஊர் வாய்க்கால்ல என்னிக்கு சார் தெளிஞ்ச தண்ணி ஓடிருக்கு?"

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "வாஸ்தவம். காவேரிக் கரையில பொறந்தவன் நான். தண்ணிக்கு அடியில என் காலையே நான் பாத்ததில்லை" என்றார். புரொபசர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். புரொபசரின் மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழப் போனது, பிடித்துக்கொண்டார். புரொபசர் எனக்கு ஒரு சைகை காட்டினார். நான் கிட்டப் போனேன். "வேலை நிரந்தரம்னு சொல்லிடுங்க. கருவிக்கும் பணம் வரும்" என்றார்.

வாய்க்கால் ஓரமாக ஓடினேன். அக்காவும் ஆச்சியும் ஸ்பீக்கரின் இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட நின்றார்கள். இரண்டு பேர் கன்னத்திலும் திருநீறு. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை. "அக்கா! வேலை ஒங்களுக்குத்தானாம்! நிரந்தரமாம்!" என்று கத்தினேன். காதில் விழவில்லை போல. இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஆச்சி கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சும்மா இருடி! தண்ணி பேசிக்கிட்டிருக்குல்ல?"